வெங்காயப் பூவும் வெறும் பிலிமும்

என்ரை பிள்ளைக்கு,

கடிதமெண்டால் முதலிலை சுகம் விசாரிக்கவேணும் எண்டு பள்ளிக்கூடத்திலை படிப்பிச்சவை. உன்னட்டை என்ன சுகத்தை விசாரிக்கிறது? நீ அடுத்த அறைக்குள்ளைதான் இருக்கிறாய். பருத்தித்துறை வடையைக் கைப்பைக்குள்ளை வைக்கிறதோ, பெரிய பெட்டிக்குள்ளை வைக்கிறதோ எண்டு நீயும் கொம்மாவும் ஒரு மணித்தியாலமாய்ப் புடுங்குப்படுறியள். எனக்கு இஞ்சை ஒவ்வொரு சொல்லும் கேக்குது. நாளைக்குக் காலமை நீ மாமாவோடை கோச்சி ஏறுறாய். கொழும்பிலை ரெண்டு நாள், பேந்து பிளேன், பேந்து கனடா, பேந்து கழுத்திலை தாலி. முப்பது வருசம் பஸ் ஓடினவன் நான். எத்தினையோ ஆயிரம் சனத்தை ஏத்தி இறக்கினனான், ஒருத்தரை இறக்கிவிட்டிட்டும் அழுதது கிடையாது. நாளைக்கு ஸ்ரேசனிலை என்ன செய்வனோ தெரியாது. அதுக்குள்ளை உனக்கு ஒண்டைச் சொல்லிப்போடவேணும். முகத்தைப் பாத்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. கொம்மாவுக்கு முன்னாலை சொல்லவே ஏலாது. அவ இன்னும் முப்பது வருசத்துக்கு அதையே சொல்லிக் காட்டுவா. அதுதான் எழுதுறன். இதை உன்ரை கைப்பைக்குள்ளை வைப்பன். பிளேன் ஏறினாப்பிறகு வாசி. அங்கையிருந்து இறங்கி வந்து என்னோடை சண்டை பிடிக்க உனக்கு ஏலாதெல்லே.

விசயம் இதுதான். எண்பத்தைஞ்சாம் ஆண்டு கோடையிலை நீ மூண்டு பிலிம் றோல் படம் எடுத்தாய். ரெண்டு வந்தது, ஒண்டு வெறுமையாய் வந்தது. "நான்தான் எங்கையோ பிழை விட்டிட்டன்" எண்டு சொல்லிப்போட்டுக் கமராவை அலுமாரிக்குள்ளை வைச்சனீ, இண்டைக்கு வரைக்கும் அதைத் தொடேல்லை. பிள்ளை, அந்த றோலைப் பழுதாக்கினது நீ இல்லை. நான். இந்தக் கையாலைதான் பழுதாக்கினனான். அஞ்சு வருசமாய் உன்ரை தலையிலை கிடக்கிற பிழை என்ரை பிழை. அதைக் கனடாவுக்குக் காவிக்கொண்டு போகாதை, இஞ்சை என்னட்டை விட்டிட்டுப் போ.

எப்பிடி நடந்தது எண்டு சொல்லுறன், கோவிக்காமல் வாசி. கப்பலிலை வேலை செய்த உன்ரை மாமா அந்தக் கமராவைச் சிங்கப்பூரிலை வாங்கிக்கொண்டு வந்தவர். கூட மூண்டு கலர் பிலிம் றோல். வீட்டிலை இத்தினை பேர் நிக்க, அதை உன்ரை கையிலைதான் குடுத்தவர். நீ சோதினை எழுதிப்போட்டு, மேலை படிக்கக் கம்பஸ் கிடைக்குமோ கிடையாதோ எண்டு பாத்துக்கொண்டிருந்த நேரம். கமரா வந்த செய்தி ஒழுங்கை முழுக்கப் பரவ எவ்வளவு நேரம் செல்லும்? மூண்டாம் நாளே பெரிய மாமி வந்து நிண்டா. பெரியபிள்ளையான மகளின்ரை சாமத்தியவீட்டுக்கு நீதான் படம் எடுக்கவேணுமாம். நீ மரியாதையாய், ஆனால் ஒரே பிடியாய்ச் சொன்னாய்: "மாமி, என்னட்டை மூண்டே மூண்டு றோல்தான் இருக்கு. ஒண்டு எங்கடை வளவுக்கு, ஒண்டு வளவுக்கு வாற பறவை பிராணிக்கு, ஒண்டு பயணத்துக்கு." மாமிக்கு முகம் கறுத்துப்போச்சு. "மரஞ்செடிக்கு என்னத்துக்கடி படம்? அதுகள் என்ன கலியாணம் கட்டப் போகுதுகளோ?" எண்டு கேட்டிட்டுத் தேத்தண்ணியும் குடியாமல் போனா. அண்டைக்கு நான் உனக்காக ஒரு சொல்லும் கதைக்கேல்லை. கதவுக்குப் பின்னாலை நிண்டு சிரிச்சனான். என்ரை பிள்ளைக்குத் தனக்கு என்ன வேணும் எண்டு தெரிஞ்சிருக்கு எண்டு எனக்கு ஒரே புளுகமும் பெருமையும்.

வளவைப் படம் எடுக்க வெளிக்கிட்ட அண்டு நான் செய்த வேலை ஞாபகம் இருக்கோ? படமெண்டால் வடிவாய் இருக்கவேணும் எண்டு விடியவே எழும்பி முற்றம் கூட்டி, தண்ணி தெளிச்சு, மாதாளையிலை கிடந்த காய்ஞ்ச இலையெல்லாம் ஒடிச்சு, பாவல் பந்தலிலை இருந்த சிலந்தி வலையெல்லாத்தையும் விளக்குமாத்தாலை அடிச்சு வைச்சனான். பொம்பிளை பாக்க வருகினம் எண்டால் வீட்டைத் துப்பரவாக்கிறதெல்லே, அப்பிடி. நீ கமராவோடை வந்து பாத்திட்டு அழாக்குறையாய் நிண்டாய். "ஐயோ அப்பா, அந்த வலைக்காகத்தானே நான் நாலு நாளாய்ப் பாத்துக்கொண்டிருந்தனான்! காய்ஞ்ச இலையை ஒடியாதையுங்கோ. அதுதான் எனக்கு வேணும்." எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. இந்தப் பெட்டைக்கு விசரோ எண்டுதான் நினைச்சன். ஆனால் நீ விடேல்லை. சிலந்தி திரும்ப வலை கட்டும் வரைக்கும் இன்னும் மூண்டு நாள் காத்திருந்தாய். மூண்டாம் நாள் காலமை பனி காய முன்னம் பந்தலுக்குக் கீழை மல்லாந்து கிடந்து எடுத்தாய், சட்டை முழுக்கச் சேறு. கொம்மா சத்தம் போட்டவ, "குமர்ப்பிள்ளை படுக்கிற இடமோடி உது" எண்டு.

அதோடை அந்த வெங்காயப் பூ. வளவுக்குப் பின்னாலை நாங்கள் வைச்ச ரெண்டு பரப்பு வெங்காயத்திலை பூந்தண்டு வரத் தொடங்கியிருந்தது. பூ வந்தால் வெங்காயம் பருக்காது எண்டு நான் வரம்பு வரம்பாய் நுள்ளி எறிஞ்சுகொண்டு வாறன். நீ ஓடி வந்து, "இந்த ஒண்டை மட்டும் விடுங்கோ அப்பா" எண்டு கேட்டாய். ஒரு வெங்காயம் போனால் போகட்டும் எண்டு விட்டன். நீ முழங்காலிலை இருந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, அரை மணித்தியாலம் அந்த ஒரு பூவோடை மினக்கெட்டாய். எடுத்தது ஒரே ஒரு படம். ஏன் ரெண்டு மூண்டு எடுக்கேல்லை எண்டு கேட்டதுக்கு, "றோல் தீந்துபோமெல்லே அப்பா, முதல் வடிவாய்ப் பாத்திட்டுத்தான் அமத்தவேணும்" எண்டாய். அந்தக் கதையை நான் டிப்போவிலை எல்லாருக்கும் சொல்லித் திரிஞ்சனான்.

பயணப் படத்துக்கு உன்னை என்ரை பஸ்ஸிலையே ஏத்தினனான். ஒரு கிழமை எனக்குப் பருத்தித்துறை ஓட்டம், மற்றக் கிழமை காரைநகர் ஓட்டம். நீ எனக்குப் பின் சீற்றிலை, மடியிலை கமரா, யன்னல் சீலையை முழுக்க மேலை சுருட்டிவிட்டிட்டு இருப்பாய். ஆமிக் காம்ப் வாற இடங்களிலை மட்டும் நான் தொண்டையைச் செருமுவன், நீ கமராவைப் பைக்குள்ளை வைப்பாய். மற்ற இடத்திலையெல்லாம் உன்ரை பாடுதான். "அப்பா" எண்டு நீ ஒரு சின்னக் குரல் குடுத்தால் காணும், நான் பிறேக்கிலை காலை வைச்சிடுவன். முதல் தரம் வல்லைப் பாலத்தடியிலை நிப்பாட்டேக்கை பஸ் நிறையச் சனம். மீன் கூடையோடை நிண்ட ஒரு அக்கா கேட்டா: "என்ன றைவர் அண்ணை, பஸ் பழுதோ?" "இல்லையணை, என்ரை பிள்ளை கொக்கைப் படம் எடுக்கிறாள்" எண்டன். "கொக்கையோ!" எண்டு அவ சிரிச்ச சிரிப்பிலை பஸ்ஸே குலுங்கினது. ஆனால் இறங்கிப் பாத்தவ. நீ வெள்ளைச் சட்டையோடை அந்த வெளியிலை, அந்தக் காத்துக்குள்ளை, அசையாமல் நிக்கிறாய். கொக்கும் அசையேல்லை. அவ மெல்லமாய்ச் சொன்னா: "உன்ரை மோள் கொக்கை விடப் பொறுமைக்காரிதான்." நான் அண்டைக்கு முழுக்க நெஞ்சை நிமித்திக்கொண்டுதான் ஸ்ரியறிங் பிடிச்சனான்.

எல்லாரும் அந்த அக்கா மாதிரி இல்லை. கோட்டு வழக்குக்கு நேரஞ் செண்டு போன ஒரு மனுசன் என்னிலை பெட்டிசம் எழுதிப்போட்டார். அவரிலை பிழையில்லை, பிழை என்ரைதான். கொக்குக்காகப் பஸ் நிப்பாட்டின றைவரை எந்த டிப்போதான் வைச்சுக் கும்பிடும்? சொந்தக்காரரும் தங்கடை பங்குக்கு, "பொம்பிளைப்பிள்ளையைக் கமராவோடை ஊர் ஊராய் ஏத்திக்கொண்டு திரியிறான்" எண்டு கதைச்சவை. கதைக்கட்டும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

இனித்தான் என்ரை விசர் வேலை வருது. மூண்டு றோலும் முடிஞ்சு, நீ ஒவ்வொரு டப்பாவிலையும் பேர் எழுதி ஒட்டி, யாழ்ப்பாணத்திலை ஸ்ரூடியோவிலை குடுக்கச் சொல்லி என்னட்டைத் தந்தாய். கலர் எண்டபடியால் அவர் கொழும்புக்கு அனுப்பித்தான் கழுவி எடுப்பிக்கவேணும். அண்டைக்கு எனக்குப் பருத்தித்துறையிலை இருந்து யாழ்ப்பாணம் வாற ஓட்டம். வல்லை வெளியிலை முனியப்பரடியிலை நிப்பாட்டிக் கும்பிடாமல் எந்த றைவர் போவான்? உன்ரை சாதகத்தை, சோதினை அனுமதிக் காட்டை, ஏன், பஸ்ஸின்ரை புது ரயரைக் கூட நான் அவருக்கு முன்னாலை வைச்சுத்தான் எடுத்தனான். என்ரை பிள்ளையின்ரை முதல் படங்களை வையாமல் விடுவனே? மூண்டு டப்பாவையும் வரிசையாய் வைச்சு, விபூதி போட்டு, ஒவ்வொண்டுக்கும் சந்தனப் பொட்டு வைச்சன். வைச்சாப்பிறகு ஒரு யோசினை. டப்பாவுக்குப் பொட்டு வைச்சால் படத்துக்குச் சேருமோ? புத்தகத்துக்கெண்டால் அட்டையிலையோ வைக்கிறது, உள்ளை திறந்து முதல் பக்கத்திலைதானே வைக்கிறது?

"பயணம்" எண்டு எழுதியிருந்த டப்பாவைத் திறந்தன். உருளையிலை ஒரு நாக்கு வெளியிலை நீட்டிக்கொண்டு நிண்டது. அதைப் பிடிச்சு ஒரு முழம் இழுத்தன். படத்தைக் காணேல்லை. தவிட்டு நிறத்திலை வெறும் நாடா. சீ, உள்ளுக்கை எங்கையோதான் இருக்கும், ஒண்டையெண்டாலும் பாத்திட்டு வைப்பம் எண்டு இன்னொரு முழம் இழுத்தன். வெயிலுக்கு நேரை தூக்கிப் பிடிச்சுப் பாத்தன். கொக்கைத் தேடினன், பிள்ளை. சத்தியமாய்க் கொக்கைத்தான் தேடினன். நீ எப்பிடி எடுத்திருக்கிறாய் எண்டு எல்லாருக்கும் முதல் நான் பாக்கவேணும் எண்டு ஒரு அந்தரம். கடைசி வரைக்கும் இழுத்துப்போட்டன். வல்லை வெளியிலை பத்து மணி வெயில் எப்பிடி இருக்கும் எண்டு உனக்குச் சொல்லத் தேவையில்லை. அப்பதான் என்ரை கொண்டக்டர் மயிலு பஸ்ஸிலை இருந்து குதிச்சு ஓடி வாறான். "அண்ணை! அண்ணை! என்ன வேலை பாக்கிறியள்? உது வெளிச்சம் கண்டால் செத்துப்போமெல்லே!" "ஆரடா சொன்னது?" எண்டு கேட்டன். "எல்லாருக்கும் தெரியுமண்ணை" எண்டான். எல்லாருக்கும் தெரிஞ்சது உன்ரை அப்பனுக்குத் தெரியேல்லை.

அதைத் திரும்ப உள்ளை சுத்தினன். மயிலு ஒருத்தரிட்டையும் சொல்லக்கூடாது எண்டு முனியப்பர் முன்னாலை சத்தியம் வாங்கினன். படம் எப்பிடியாவது வந்திட்டால் நூத்தெட்டுத் தேங்காய் உடைக்கிறன் எண்டு நேத்தியும் வைச்சன். ஸ்ரூடியோக்காரர் டப்பாவை வாங்கிப் பாத்திட்டு, "ஆர் உதுக்குச் சந்தனம் பூசினது?" எண்டு கேட்டார். "நான்தான்" எண்டன். அந்தளவுதான் உண்மை என்ரை வாயாலை வந்தது. பேந்து மூண்டு கிழமை நீ ஒவ்வொரு நாளும், "வந்திட்டுதோ அப்பா, கேட்டனீங்களோ அப்பா" எண்டு கேக்க, "கொழும்பிலை இருந்து இன்னும் வரேல்லைப் பிள்ளை" எண்டே சொல்லித் தப்பினன்.

கழுவின படத்தை எடுக்க ரெண்டு பேருமாய்ப் போன அண்டு நடந்ததை நீயும் மறந்திருக்கமாட்டாய். அவர் ரெண்டு கவரைத் தந்து, மூண்டாவது றோலைத் தனியாய் மேசையிலை வைச்சார். "பிள்ளை, இது முழுக்க வெளிச்சம் பட்டுப்போச்சு. ஒண்டும் விழேல்லை. றோல் முடிய முன்னம் கமராவின்ரை பின்கதவைத் திறந்தனீரோ?" நீ திறக்கேல்லை எண்டு உனக்குத் தெரியும். தெரிஞ்சும், "நான்தான் எங்கையோ பிழை விட்டிட்டன்" எண்டு தலையைக் குனிஞ்சாய். நான் பக்கத்திலை வாயிலை கொழுக்கட்டை வைச்சவன் மாதிரி நிண்டன். அந்த நேரம் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் முடிஞ்சிருக்கும். சொல்லேல்லை. ஐஸ்கிறீம் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனன். நீ கரண்டியாலை கிளறிக்கொண்டேயிருந்தாய், அது கரைஞ்சு தண்ணியாய்ப் போச்சு. அடுத்த மாதம் கம்பஸ் கிடைக்கேல்லை எண்டு காயிதம் வந்தது, அதுக்கு நீ அழேல்லை. ஆனால் அந்தப் படத்தை எடுத்த அண்டைக்கு என்ரை பஸ்ஸிலை வீட்டை வரேக்கை யன்னல் பக்கம் பாத்து அழுதனீ. எனக்குத் தெரியும், எனக்கு முன்னாலை கண்ணாடி இருந்தது.

தேங்காய் நூத்தெட்டும் பயத்திலை உடைச்சுப்போட்டன். கொம்மாவுக்கு அது உன்ரை கம்பஸ் நேத்தி எண்டு சொன்னன். கம்பசும் வரேல்லை எண்டவுடனை அவ முனியப்பரோடை கோவம். பாவம் அந்த மனுசன், என்னாலை அவருக்கும் கெட்ட பேர்.

இனி நல்லதையும் கேள். வந்த ரெண்டு றோலிலையும் எழுபத்திரண்டு படம். நீ வராத ஒண்டையே பாத்துக்கொண்டிருந்தாய், வந்ததை வடிவாய்ப் பாக்கவேயில்லை. பாத்தது நான். பெட்டிசத்தாலை என்னைக் காங்கேசன்துறை றோட்டுக்கு மாத்தினவை. அந்த வெங்காயப் பூப் படத்தை நான் றைவர் சீற்றுக்கு மேலை, பிள்ளையார் படத்துக்குப் பக்கத்திலை ஒட்டினன். சனம் பிள்ளையாரைக் கும்பிடுற கையோடை அதையும் கும்பிட்டிட்டுப் போகும். ஒருநாள் சுன்னாகம் சந்தைக்கு வெங்காயப் பிடி ஏத்திக்கொண்டு வந்த ஒரு ஐயா அதைக் கண்டிட்டு, "இது எந்த நாட்டுப் பூ தம்பி?" எண்டு கேட்டார். "வெங்காயப் பூ ஐயா" எண்டன். நம்பேல்லை. கிட்டப் போய்ப் பாத்தார். அம்பது வருசமாய் வெங்காயம் செய்யிற மனுசன். "இதையோ நான் இவ்வளவு காலமும் நுள்ளி எறிஞ்சது?" எண்டு சொல்லி, தன்ரை விரலைப் பாத்தார். இறங்க வேண்டிய இடத்திலையும் இறங்கேல்லை, மல்லாகம் வரைக்கும் வந்திட்டார். போகேக்கை கேட்டார், "ஆர் எடுத்தது?" "என்ரை மோள்" எண்டன். பிள்ளை, எனக்கு முப்பது வருசம் விபத்தில்லாமல் ஓடினதுக்கு மாலை போட்டிருக்கினம். அந்த மாலையைக் கொண்டுவந்து இந்த ரெண்டு சொல்லுக்குப் பக்கத்திலை வைக்கமாட்டன்.

அப்பிடிப் பெருமைப்பட்டவன் ஏன் உண்மையைச் சொல்லேல்லை எண்டு கேப்பாய். வெக்கம். வேறை ஒண்டுமில்லை. இண்டைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு தள்ளத் தள்ள அது பெருத்துப்போச்சு. எண்பத்தேழிலை சண்டை நடந்த அந்த ஐப்பசியிலை வீட்டை விட்டுக் கோயிலுக்கு ஓடினமே, அப்ப கொம்மா கேட்டவ: "காணி உறுதியை விட்டிட்டு உந்தக் கமராவை என்னத்துக்குத் தூக்கிறியள்?" ரெண்டு கிழமை அதைத் தலைக்குக் கீழை வைச்சுக்கொண்டு கோயில் மண்டபத்திலை படுத்தனான். நீ அதைக் கண்டிட்டு, "அது இனி எனக்கெதுக்கப்பா, எனக்கு உது சரிவராது" எண்டாய். சொல்லியிருக்கலாம். அப்பவும் சொல்லேல்லை.

இந்தக் கலியாணத்துக்கு உன்ரை படம் எடுக்கப் போனமெல்லே, போன வருசம், மானிப்பாயிலை. நீ அங்கை சின்னப் பிள்ளையளுக்குப் படிப்பிச்சுப்போட்டு அப்பிடியே வந்தனீ. ஸ்ரூடியோக்காரன் உன்னை ஒரு பிளாஸ்ரிக் ரோசாச் சாடிக்குப் பக்கத்திலை இருத்தி, நாடியைப் பிடிச்சு ஒரு பக்கம் சரிச்சுவிட்டான். நீ, "இந்தச் சாடியை எடுத்துவிட்டால் நல்லா இருக்கும்" எண்டு மெல்லமாய்ச் சொன்னாய். அவன், "தங்கச்சி, படத்தைப் பற்றி உமக்கென்ன தெரியும்?" எண்டான். நீ, "ஓம், எனக்குத் தெரியாதுதான்" எண்டிட்டு அந்தப் பக்கமே சரிஞ்சுகொண்டு இருந்தாய். காய்ஞ்ச இலையை ஒடியாதையுங்கோ எண்டு என்னை அதட்டின பிள்ளை! பிலிம் போனது ஒரு நாள் வேலை. உன்ரை அந்தக் குரலைப் போக்காட்டினது என்ரை அஞ்சு வருசத்து மௌனம். அண்டைக்குத்தான் எனக்கு வடிவாய் விளங்கினது.

அதாலை அப்பா ஒரு புத்தி சொல்லுறன், ஒண்டே ஒண்டு. சமையல், சாமி, புருசன் வீட்டு மரியாதை எல்லாம் கொம்மா சொல்லித் தருவா, சொல்லியும் முடிஞ்சிருப்பா. நான் சொல்லுறது இது. உன்ரை பிழை எண்டு ஆரும் சொன்னால், உடனை தலையைக் குனியாதை. ஆர் திறந்தது எண்டு கேள். உன்ரை பிழையெண்டால் ஒத்துக்கொள், அதிலை குறைச்சல் இல்லை. உன்ரை பிழை இல்லையெண்டால், சொல்லுறது அப்பனாய் இருந்தாலும், நாளைக்கு உன்னைக் கட்டப்போற அந்தத் தம்பியாய் இருந்தாலும், இல்லை எண்டு சொல்லு. அவர் நல்ல பிள்ளை எண்டுதான் எல்லாரும் சொல்லுகினம். நல்லவைக்கும் சில நேரம் என்னைப்போலை வாய் அடைச்சுப்போம். அந்த நேரம் நீதான் கேக்கவேணும்.

இன்னொண்டு. அந்த முப்பத்தாறு படமும் இல்லாமல் போச்சு எண்டு நினைக்காதை. ஒவ்வொண்டுக்கும் பிறேக் போட்டவன் நான். காரைநகர்ப் பாலத்திலை ஒரு மனுசன் சைக்கிள் கரியரிலை கண்ணாடி அலுமாரிக் கதவைக் கட்டிக்கொண்டு போனான், அந்தக் கண்ணாடிக்குள்ளை கடல் முழுக்கக் கிடந்தது. அதுக்கு நீ "அப்பா" எண்டு கத்தின கத்திலை மயிலு ரிக்கற் புத்தகத்தைக் கீழை போட்டிட்டான். நெல்லியடியிலை பஸ் கொட்டகையிலை சனம் குந்துற வாங்கிலை மூண்டு ஆடு, மனுசர் மாதிரி வரிசையாய் இருந்ததுகள். புத்தூர்ப் பக்கம் மழைக்கு முந்தின இருட்டிலை ஒரு பனை வடலி மட்டும் வெயில் பட்டு மினுங்கினது. அந்த மீன்கார அக்கா சிரிச்சது. எல்லாம் எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு வரிசையாய்ச் சொல்லுவன். நீ எங்கை பாத்தாய் எண்டு பாத்துத்தான் நான் இந்த ஊரைப் பாக்கப் பழகினனான். முப்பது வருசமாய் அதே றோட்டிலை போனவன், றோட்டை மட்டுந்தான் பாத்தனான்.

கொம்மா கூப்பிடுறா, வடைக்குக் கடைசியிலை இடம் கிடைச்சிட்டுதாம். இனி முடிக்கிறன். கமராவை நான்தான் உன்ரை பெரிய பெட்டிக்குள்ளை, அந்த மாம்பழக் கலர்ச் சாறிக்கு நடுவிலை வைச்சிருக்கிறன். கொம்மா பேந்து காயிதத்திலை கேட்டால் நீ வைச்சதெண்டு எழுது. மன்னிச்சுக்கொள் எண்டு நேரை கேக்கத் தெரியாதவன் நான், இதிலை கேக்கிறன். மன்னிச்சுக்கொள், பிள்ளை. மன்னிச்சியோ இல்லையோ எண்டு எனக்கு எழுதத் தேவையில்லை. அங்கை வீட்டு வாசலிலை என்ன நிக்குதோ, மரமோ புல்லோ பனியோ, வடிவாய்ப் பாத்திட்டு ஒண்டை அமத்தி, கழுவி, எனக்கு அனுப்பு. அது வந்தால் நான் விளங்கிக்கொள்ளுவன்.

இந்தக் கடிதத்தோடை ஒரு புது பிலிம் றோல் வைச்சிருக்கிறன். நேற்று யாழ்ப்பாணம் போய் வாங்கினனான். கோயிலுக்குக் கொண்டுபோகேல்லை. சந்தனமும் வைக்கேல்லை. பெட்டி ஒட்டினது ஒட்டினபடி இருக்கு. நான் திறக்கேல்லை, பிள்ளை.

அப்பா